சொந்த செல்போன், தொழில் செலவு: அமெரிக்க வரியில் எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்க முடியாது

ஜனவரி கடைசியில், நிறுவனம் ஊழியருக்குத் தரும் வருடச் சம்பளக் கணக்கான டபிள்யூ-2 படிவம் கைக்கு வந்துவிடும். அதோடு ஒரு கேள்வியும் வந்துவிடும். "ஆபீஸ் வேலை முழுக்க என் சொந்த போன்லதான் ஓடுது. பில்லை ரைட் ஆஃப் பண்ணிடலாமா?" ஒருவர் "நான் வருஷா வருஷம் பாதி போடுறேன்" என்பார். இன்னொருவர் "முழுசாவே போடலாம், யார் கேட்கப் போறாங்க" என்பார். மூன்றாமவர், முப்பது சதவீதத்துக்கு மேல் போட்டால் தணிக்கை வரும் என்று அடித்துச் சொல்வார்.

மூன்று பேரும் சதவீதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சதவீதம் இரண்டாவது கேள்வி. அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த போனில் நீங்கள் செய்யும் வேலை யாருடைய தொழில்? உங்களுடையதா, உங்களை வேலைக்கு வைத்திருப்பவருடையதா? இதற்குப் பதில் தெரியாமல் சதவீதம் பேசிப் பயனில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி வருமான வரியில் இந்த விஷயம் எப்படி நடக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

வரி எதன் மேல் விழுகிறது

ஒரு தையல்காரர் வருடம் முழுக்கத் தைத்து 40,000 டாலர் கூலி வாங்கினார். துணி, நூல், இயந்திரப் பழுது, கடை வாடகை எல்லாம் சேர்ந்து 15,000 டாலர் போய்விட்டது. அவருக்கென்று நின்றது 25,000. வரிக் கணக்கு இந்த 25,000 டாலரில்தான் தொடங்கும். சம்பாதிப்பதற்காகச் செய்த செலவை வருமானத்திலிருந்து எடுத்துவிட்டு மீதிக்கு வரி போடுவதற்குப் பெயர் 'கழிவு'. பேச்சு வழக்கில் ரைட் ஆஃப் என்பது இதைத்தான்.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 500 டாலரைக் கழித்தால் அரசாங்கம் 500 டாலரைத் திருப்பித் தருவதில்லை. 500 டாலருக்கான வரி மட்டுமே மிச்சமாகும். கட்டவேண்டிய வரியிலிருந்தே நேராகக் குறைவது 'கிரெடிட்' என்ற வேறு சங்கதி. செல்போனுக்கு அது கிடையாது.

எந்தச் செலவைக் கழிக்கலாம் என்பதை வருமான வரிச் சட்டத்தின் 162-ஆம் பிரிவு சொல்கிறது: அந்தத் தொழிலில் வழக்கமாக உள்ளதாகவும், அந்தத் தொழிலுக்குத் தேவையானதாகவும் இருக்க வேண்டும். 'வழக்கமானது' என்றால் அதே தொழில் செய்யும் மற்றவர்களும் செய்யும் செலவு. 'தேவையானது' என்றால் தொழிலுக்கு உதவக்கூடியது, பொருத்தமானது. அது இல்லாமல் தொழிலே நின்றுபோகும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அடுத்து 262-ஆம் பிரிவு எதிர்ப்பக்கக் கதவை மூடுகிறது: சொந்த வாழ்க்கைச் செலவு, குடும்பச் செலவு எதையும் கழிக்க முடியாது.

செல்போன் இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் கிடக்கிறது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

கீழே கடை, மேலே வீடு, ஒரே மீட்டர்

கீழ்த்தளத்தில் கடை, மாடியில் குடித்தனம். மின்சாரத்துக்கு ஒரே மீட்டர், ஒரே பில். கடை விளக்கு எரிந்ததும் அந்தப் பில்லில்தான் இருக்கிறது, மாடியில் சோறு பொங்கியதும் அதில்தான் இருக்கிறது. முழு பில்லையும் கடைக் கணக்கில் எழுதினால் பொய். ஒன்றுமே எழுதாமல் விட்டால் கடைக்காரருக்கு நஷ்டம். நியாயமான ஒரு வழியில் பிரித்து, கடையின் பங்கை மட்டும் கடைக் கணக்கில் எழுதுவதுதான் முறை.

உங்கள் போன் அந்த மீட்டர்தான். வாடிக்கையாளர் அழைப்பு, வேலை மின்னஞ்சல், வழிகாட்டி வரைபடம் ஒரு பக்கம். அம்மாவுடன் வீடியோ பேச்சு, பிள்ளையின் பள்ளிச் செய்தி, இரவில் பார்க்கும் படம் இன்னொரு பக்கம். தொழிலின் பங்கைப் பிரித்துக் கழிப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. இதற்கு ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித்துறை, நிரந்தரச் சதவீதம் எதையும் வகுத்து வைக்கவில்லை. முப்பதும் ஐம்பதும் நண்பர்கள் வாயில் உருவான எண்கள்.

"வீட்டு போனை வரியில் காட்டவே கூடாது" என்றும் சிலர் சொல்வார்கள். அதற்கும் ஒரு வேர் உண்டு. வீட்டுக்கு வரும் முதல் தொலைபேசி இணைப்பின் அடிப்படை உள்ளூர் கட்டணம் சொந்தச் செலவுதான் என்று அதே 262-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த விதி சுவரில் கம்பி இழுத்துப் பேசிய காலத்தில், வீட்டு இணைப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதைச் செல்போனுக்கும் நீட்டிப் பேசுவதால் வந்த பயம் அது.

இதுவரை சுருக்கமாக: வரி லாபத்தின் மேல் விழுகிறது. தொழில் செலவைக் கழிக்கலாம், சொந்தச் செலவைக் கழிக்க முடியாது. இரண்டும் கலந்திருந்தால் பிரிக்க வேண்டும்.

முதல் வாசல்: யாருடைய தொழில்?

நிறையப் பேருக்கு ஏமாற்றம் தரும் இடம் இது.

நீங்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருந்து, வருடம் முடிந்ததும் டபிள்யூ-2 மட்டும் வாங்குகிறவர் என்றால், சொந்த போனை ஆபீஸ் வேலைக்கு எவ்வளவு பயன்படுத்தினாலும் கூட்டாட்சி வரியில் ஒரு டாலர்கூடக் கழிக்க முடியாது. பத்து சதவீதமும் முடியாது, நூறு சதவீதமும் முடியாது.

முன்பு முடிந்தது. நிறுவனம் திருப்பித் தராத வேலைச் செலவுகளை ஷெட்யூல் ஏ என்ற வரித் தாளில் பட்டியலிட்டு, அவற்றைப் போன்ற மற்ற சில செலவுகளோடு கூட்டி, சில கழிவுகள் போன பிறகு நிற்கும் வருமானத்தில் 2 சதவீதத்தைத் தாண்டிய பகுதியை மட்டும் கழிக்கலாம் என்று இருந்தது. 2017 டிசம்பரில் வந்த வரிச் சட்டம் 2018 முதல் 2025 வரை அதை நிறுத்தி வைத்தது. 2026-இல் திரும்பிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அந்தக் கதவை நிரந்தரமாகவே மூடிவிட்டது. ராணுவ ரிசர்வ் வீரர்கள், சில நிகழ்த்துகலைஞர்கள், கட்டண அடிப்படையில் ஊதியம் பெறும் மாநில, உள்ளாட்சி அலுவலர்கள் போன்ற சிறு பிரிவினருக்கு மட்டும் தனி வழி இருக்கிறது. இணையத்தில் இன்றும் சுற்றும் பல ஆலோசனைகள் 2018-க்கு முந்தியவை. அவற்றைப் படித்துவிட்டு வாதம் செய்பவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்கள் சொல்வது ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது.

தொழில் உங்களுடையதாக இருந்தால் கதை மாறுகிறது. வீடு விற்றுத்தரும் முகவர், ஃப்ரீலான்ஸ் நிரலர், வீட்டில் நடன வகுப்பு எடுப்பவர், ஊபர் ஓட்டுபவர், கேட்டரிங் செய்பவர் இப்படி யாராக இருந்தாலும் சரி. யாரிடமும் ஊழியராக இல்லாமல் தானே தொழில் செய்பவரைச் 'சுயதொழில் செய்பவர்' என்கிறோம். இவர்கள் வரவு செலவை எழுதும் தாள் ஷெட்யூல் சி. போனின் தொழில் பங்கு இங்கே செலவாக ஏறும். பணம் கொடுத்தவர் அனுப்பும் 1099 படிவம் வந்ததா இல்லையா என்பது இதைத் தீர்மானிப்பதில்லை. படிவம் வராத வருமானத்தையும் காட்ட வேண்டும், அதற்கான செலவையும் கழிக்கலாம்.

இங்கே இன்னொரு தவறான நம்பிக்கை. செலவுப் பட்டியல் காட்டாமலே எடுக்கக்கூடிய நிலையான கழிவுக்கு ஸ்டாண்டர்டு டிடக்ஷன் என்று பெயர். "நான் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுக்கிறேன், அதனால் தொழில் செலவைக் காட்ட முடியாது" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு படியில் நடக்கின்றன. ஷெட்யூல் சி-யில் செலவு போய் லாபம் வந்த பிறகுதான் அந்த லாபம் மற்ற வருமானத்தோடு சேர்கிறது. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் அதற்குப் பிறகு வருவது. இரண்டையும் எடுக்கலாம்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் இதே தத்துவம்தான். வாடகைதாரர், பழுது பார்ப்பவர் ஆகியோருடன் பேசும் பங்கை வாடகைக் கணக்கில், அதாவது ஷெட்யூல் ஈ-யில் எழுதலாம். சொந்தமாக எஸ்-கார்ப்பரேஷன் என்ற வகை நிறுவனம் வைத்து அதிலேயே சம்பளம் வாங்குபவர் மட்டும் கவனிக்க வேண்டும்: வரிச் சட்டத்தின் கண்ணில் அவர் தன் நிறுவனத்தின் ஊழியர். அவர் நேராகக் கழிக்க முடியாது. நிறுவனம் அவருக்கு முறைப்படி திருப்பித் தரவேண்டும்.

பகலில் ஆபீஸ், வார இறுதியில் சொந்தத் தொழில் என்று இரண்டும் செய்பவர்களிடம்தான் நான் மிக அதிகமான பிழையைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போனை 'வேலை, வீடு' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். மூன்றாகப் பிரிக்க வேண்டும்: சொந்தத் தொழில், ஆபீஸ், வீடு. ஆபீஸ் பங்கு கழிக்க முடியாதது. அது வீட்டுப் பங்கோடு அந்தப் பக்கம் போய்ச் சேரும். போனில் ஐம்பது சதவீதம் ஆபீஸ், இருபது சதவீதம் சொந்தத் தொழில், முப்பது சதவீதம் வீடு என்றால் கழிக்கக் கிடைப்பது இருபதுதான், எழுபது கிடையாது.

இதுவரை: ஊழியர் என்றால் கூட்டாட்சி வரியில் கழிவு இல்லை. சுயதொழில் என்றால் உண்டு. இரண்டும் என்றால் சுயதொழில் பங்கு மட்டும் உண்டு.

ஊழியருக்கு மிச்சமிருக்கும் வழி

வரியில் கழிக்க முடியாது என்றால் கைவிட்டுவிட வேண்டியதில்லை. நிறுவனத்திடமே கேட்கலாம், அது கழிவைவிட லாபம்.

ஊழியர் செய்த வேலைச் செலவை நிறுவனம் கணக்குப் பார்த்துத் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்கு 'அக்கவுண்டபிள் பிளான்' என்று பெயர். செலவு வேலை சம்பந்தமானதாக இருக்கவேண்டும், அதற்குக் கணக்கு காட்டவேண்டும், அதிகமாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அப்படி வரும் பணத்துக்கு ஊழியர் வரி கட்டவேண்டாம், டபிள்யூ-2 சம்பளத்திலும் அது சேராது. யோசித்துப் பாருங்கள்: கழிவாக இருந்தால் 40 டாலருக்குச் சில டாலர் வரிதான் மிஞ்சும். நிறுவனம் திருப்பித் தந்தால் 40 டாலரும் முழுதாக வரும். கணக்கு எதுவும் கேட்காமல் 'போன் அலவன்ஸ்' என்று சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அது சம்பளமாகவே கருதப்பட்டு வரி விழக்கூடும். ஆகவே பணம் எந்தப் பெயரில், எந்த ஏற்பாட்டில் வருகிறது என்று மனிதவளத் துறையிடம் கேட்பது நல்லது.

சில மாநிலங்களில் இது கெஞ்சிக் கேட்கும் விஷயம் கிடையாது. கலிஃபோர்னியாவின் தொழிலாளர் சட்டம் 2802-ஆம் பிரிவு, வேலைக்காக ஊழியர் செய்யும் தேவையான செலவை நிறுவனம் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. 2014-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. வேலைக்காக அழைக்கச் சொந்த செல்போனைப் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், அளவில்லாத பிளான் வைத்திருந்து கூடுதலாக ஒரு டாலர்கூடச் செலவாகாவிட்டாலும், பில்லில் நியாயமான ஒரு பங்கை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இல்லினாய் மாநிலத்திலும் 2019 ஜனவரி முதல் இப்படியொரு சட்டம் இருக்கிறது.

மாநில வருமான வரியையும் ஒரு முறை பாருங்கள். கலிஃபோர்னியா, நியூயார்க், பென்சில்வேனியா போன்ற சில மாநிலங்கள் ஊழியர் செலவுக் கழிவைக் கூட்டாட்சி போல நிறுத்திவிடவில்லை. நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

நிறுவனமே போன் வாங்கிக் கொடுத்தால்? அதில் வீட்டுக்கும் பேசுவதற்கு வரி வருமோ என்று பயப்படுபவர்கள் உண்டு. வேலைக்கு உண்மையான தேவை இருந்து கொடுத்த போன் என்றால், அதில் சொந்த உபயோகமும் வரியில்லாத சிறு சலுகைதான் என்று ஐஆர்எஸ் 2011-இல் ஓர் அறிவிப்பில் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்பளத்தைக் குறைத்து அதற்குப் பதிலாகக் கொடுத்த போனாக மட்டும் அது இருக்கக்கூடாது.

இரண்டாவது வாசல்: எத்தனை சதவீதம்?

இனி சொல்வது சுயதொழில் செய்பவர்களுக்கு.

ஒரு ரியல் எஸ்டேட் முகவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய இணைப்புக்கு மாதம் 80 டாலர். எந்தப் பண்டிகையும் விடுமுறையும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தைத் தேர்ந்தெடுக்கிறார். போனிலேயே எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது என்று காட்டும் வசதி இருக்கிறது. ஐபோனில் அது ஸ்க்ரீன் டைம், ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங். அதையும் அழைப்புப் பட்டியலையும் வைத்துப் பார்க்கிறார். மொத்தம் 90 மணி நேரம், அதில் வாடிக்கையாளருக்கும் வீடு பார்க்கவும் போனது 54 மணி நேரம். 54-ஐ 90-ஆல் வகுத்தால் 60 சதவீதம். மாதம் 48 டாலர், வருடம் 576 டாலர் தொழில் செலவு.

நேரம்தான் அளவுகோல் என்று கட்டாயமில்லை. அழைப்பு அதிகமுள்ள தொழிலுக்கு அழைப்பு நிமிடம் பொருந்தும், டேட்டா அதிகம் தின்னும் தொழிலுக்கு டேட்டா பொருந்தும். உங்கள் தொழில் உண்மையில் எதைப் பயன்படுத்துகிறதோ அதை அளப்பதுதான் நியாயம். ஒரே மாதத்தை வைத்துக்கொண்டு திருப்தி அடையாமல், வேலை அதிகமுள்ள காலத்தில் ஒன்று, குறைவான காலத்தில் ஒன்று என்று இரண்டு மூன்று மாதங்களை அளந்து சராசரி எடுப்பதையே நான் சொல்வேன். எடுத்த முறையை வருடத்துக்கு ஒரு மாதிரி மாற்றிக்கொண்டே இருக்கவும் கூடாது.

ஒரே போன் வைத்துக்கொண்டு நூறு சதவீதம் என்று எழுதுவது நம்பும்படி இருக்காது. அந்த போனில் நீங்கள் வீட்டாரிடம் பேசியதே இல்லையா என்ற ஒரு கேள்விக்கு அது நிற்காது. தொழிலுக்கென்றே தனி போன், தனி எண் வைத்திருந்தால் அதை முழுவதுமாகக் கழிக்கலாம், பிரிக்கும் வேலையும் இல்லை.

ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. மைலுக்கு இத்தனை சென்ட் என்று காருக்குக் கழிக்கும் முறையை எடுத்துவிட்டால் போன் அதிலேயே அடங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2025-க்கான 70 சென்ட் கார் ஓட்டும் செலவுக்கானது. பயணிகளை எடுக்கும் செயலி ஓடிய போனின் பங்கை அதற்கு மேல் தனியாகக் கழிக்கலாம்.

குடும்ப பிளான், தவணை, புது போன்

நான்கு பேர் பிளான், மாதம் 200 டாலர். 60 சதவீதம் என்பதால் 120 டாலரைக் கழித்துவிடுகிறார்கள். இது தவறு. மற்ற மூன்று இணைப்புகளும் தொழில் செய்யவில்லை. முதலில் உங்கள் இணைப்பின் விலையைப் பிரித்தெடுங்கள். நான்கும் ஒரே விலை என்றால் 50 டாலர். அதில் 60 சதவீதம், அதாவது 30 டாலர்தான் உங்கள் தொழில் செலவு.

அடுத்து தவணை. மாதப் பில்லுக்குள் போன் வாங்கிய தவணையும் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அது சேவைக் கட்டணம் கிடையாது, போன் என்ற பொருளின் விலை. பல வருடம் உழைக்கும் பொருளின் விலையை அந்த வருடங்களில் பரப்பிக் கழிப்பதுதான் பொதுவிதி, அதற்குத் 'தேய்மானம்' என்று பெயர். ஆனால் சிறு பொருள்களுக்கு ஒரு சலுகை உண்டு: தணிக்கை செய்யப்பட்ட நிதி அறிக்கை வைத்திருக்காத சிறு தொழில்கள், ஒரு பொருள் 2,500 டாலருக்குள் என்றால், வரித் தாளோடு அதற்கான அறிவிப்பை இணைத்து, அந்த வருடமே கழித்துக்கொள்ளலாம். 900 டாலர் போன், 60 சதவீதம் தொழில் என்றால் 540 டாலர். இப்படிக் கழித்துவிட்டால், அதே போனின் 25 டாலர் தவணையைப் பில்லிலிருந்து நீக்கிவிட்டுத்தான் மாதக் கட்டணத்தைக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பணம் இரண்டு முறை கழிந்துவிடும்.

ஒவ்வொரு அழைப்பையும் எழுதி வைக்க வேண்டுமா?

இந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. செல்போன் பணக்காரர்களின் காரில் மட்டும் இருந்த காலம். 1989-இல் நாடாளுமன்றம் அதை 'பட்டியலிட்ட பொருள்' என்ற வகையில் சேர்த்தது. தொழிலுக்கென்று வாங்கிச் சொந்தச் சுகத்துக்கும் பயன்படுத்த வாய்ப்புள்ள பொருள்களின் வகை அது, கார் இன்றும் அதில் இருக்கிறது. அந்த வகைக்குக் கடுமையான பதிவு தேவை: எப்போது, எதற்காக, எவ்வளவு. அதனால் அழைப்புக்கு அழைப்பு குறித்து வைக்கச் சொன்னார்கள். செல்போன் எல்லார் பையிலும் வந்த பிறகு இது கேலிக்கூத்தாகிவிட்டது. 2010-இல் வந்த சிறுதொழில் சட்டம் செல்போனை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

எடுத்ததால் வந்த பயன், பழைய ஒரு தீர்ப்பு செல்போனுக்குத் துணைக்கு வந்தது. ஜார்ஜ் எம். கோஹன் என்ற பிராட்வே நாடகக் கலைஞர் தொழிலுக்காக நிறையச் செலவு செய்தார், ரசீது வைக்கவில்லை. வரித்துறை ஒன்றும் தரமாட்டோம் என்றது. 1930-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், செலவு நடந்திருப்பது உறுதி என்றால் துல்லியம் இல்லை என்பதற்காகப் பூஜ்யம் போடக்கூடாது, இயன்றவரை நெருங்கிய மதிப்பீடு செய்ய வேண்டும் என்றது. ஆனால் கூடவே ஒன்று சொன்னது: கணக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் வரி கட்டுபவரே என்பதால் சந்தேகத்தை அவருக்கு எதிராகவே வைத்துக் குறைத்துக் கொடுக்கலாம்.

ஆகவே நியாயமான மதிப்பீடு செல்லும், ஆனால் அதற்கு ஓர் அடிப்படை வேண்டும். பன்னிரண்டு மாதப் பில், அளந்த மாதங்களின் ஸ்க்ரீன் டைம் படம், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு பக்கக் குறிப்பு. இந்த மூன்றும் ஒரு கோப்பில் இருந்தால் போதும். வரி தாக்கல் செய்த நாளிலிருந்து பொதுவாக மூன்று வருடம் வைத்திருங்கள். கணக்கை அந்த வருடத்திலேயே எடுத்துவிடுவது முக்கியம். இரண்டு வருடம் கழித்து வரித்துறையின் கடிதம் வரும்போது போனே மாறியிருக்கும்.

கையில் எவ்வளவு மிஞ்சும்?

நம் முகவரின் 576 டாலருக்கு வருவோம். சுயதொழில் செய்பவர் இரண்டு வரி கட்டுகிறார். ஒன்று வருமான வரி. மற்றொன்று, ஊழியர்களுக்குச் சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பங்குக்கு ஈடாக இவர் தானே கட்டும் 'சுயதொழில் வரி'. அது லாபத்தின் 92.35 சதவீதத்தின் மேல் 15.3 சதவீதம். போன் செலவு லாபத்தைக் குறைப்பதால் இரண்டு வரியும் குறையும். சுயதொழில் வரியில் சுமார் 81 டாலர். அவர் 22 சதவீத வருமான வரிப் படியில் இருந்தால், மற்றக் கழிவுகளின் தாக்கத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது வருமான வரியில் 95 முதல் 118 டாலர் வரை. மொத்தம் சுமார் 175 முதல் 200 டாலர்.

அதே போனுக்கு அவர் 100 சதவீதம் என்று எழுதியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருப்பது இன்னும் நூற்றிச் சில்லறை டாலர். அதற்காக மொத்த ஷெட்யூல் சி-யின் மேலும் சந்தேகத்தை வரவழைக்க வேண்டியதில்லை. 60 சதவீதத்துக்கு அவரிடம் காகிதம் இருக்கிறது. தாக்கல் செய்யும்போது அந்த 576-ஐ ஷெட்யூல் சி-யின் 'பயன்பாட்டுக் கட்டணங்கள்' என்ற இடத்திலோ, 'இதர செலவுகள்' பகுதியில் 'செல்போன், தொழில் பங்கு' என்று பெயரிட்டோ எழுதலாம். எந்த இடத்தில் எழுதினீர்களோ, அடுத்த வருடமும் அங்கேயே எழுதுங்கள்.